பறக்கிறவனுக்கு எதற்குக் கயிறு?

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. என் வாயால் அதற்கு ஒரு டிக்கெட்கூடக் கூடுதலாக விற்றுவிடக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவனுக்குத் திடீரென்று பறக்கும் சக்தி வந்துவிடுகிறது, கிணற்றில் விழுகிறவர்களை எல்லாம் அவன் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போடுகிறான் என்று சொன்னாலே அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எந்தப் படம் என்று தெரிந்துவிடும். படம் எடுத்ததே இந்தக் கரட்டுக் காட்டில்தான். அந்தப் படத்தின் நிறை குறைகளைப் பற்றி மேடையேறிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். பேசினேன். பேசியதற்கான பலனையும் அங்கேயே அனுபவித்தேன்.

என் பெயர் காளிமுத்து. தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பரளச்சிப் பக்கம், இப்போது குடியிருப்பது அருப்புக்கோட்டை டவுனில். தீயணைப்பு என்றால் தீயை அணைப்பது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு கோடை முழுக்க இருந்து பார்க்க வேண்டும். வைக்கோல் படப்பு எரியும், கருவேலங்காடு எரியும், அதெல்லாம் உண்டு. ஆனால் பாதி வேலை கிணற்றில்தான். மழையை நம்பிப் பிழைக்கிற மண் என்பதால் தண்ணீரைத் தேடித் தேடி ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். பல கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆடு விழும், மாடு விழும், இருட்டில் குறுக்கு வழியாக வருகிற மனிதரும் விழுவார்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். ஏணியில் ஏறச் சொன்னார்கள், ஏணி முனகியது. நான் அப்போதே கனமான ஆள். பயிற்சி முடிவதற்குள் என் தலையெழுத்து தெரிந்துவிட்டது. இவன் கீழே இறங்குகிறவன் அல்ல, மேலே நிற்கிறவன்.

இறங்குகிறவன் தேவசகாயம். பாலவனத்தத்துக்காரன், சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிற கிறிஸ்தவக் குடும்பம். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், என்னோடே ஒரே நிலையத்துக்கு வந்தவன். ஒல்லியான உடம்பு, நீளமான கை கால், எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்து வருவான். கிணறு என்று போன் வந்தால் அவன் உள்ளே போவான், நான் மேலே நின்று அவன் கயிற்றைப் பிடிப்பேன். வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் ஓய்வு பெறுகிற வரைக்கும் இதுதான் ஏற்பாடு.

அவன்மேல் எனக்குப் பொறாமை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கிணற்றிலிருந்து ஈரம் சொட்ட ஒருவன் குழந்தையோடு மேலே வந்தால், ஊரே அவன் முகத்தைத்தான் பார்க்கும். தாய்க்காரி அவன் காலில்தான் விழுவாள். மாலை அவன் கழுத்துக்கு, சேறும் பாசியுமான கயிறு என் தோளுக்கு. டீக்கடையில் அவனுக்குக் கண்ணாடி டம்ளரில் பால் கூட்டி டீ வரும், எனக்கு எல்லாருக்கும் வருகிற டீ வரும். "நீங்க எறங்குனா, உங்களத் தூக்குறதுக்குத் தனியா ஒரு லாரில்ல வரணும்" என்று என் மனைவி பேச்சியம்மாள் சிரிப்பாள். அவளுக்கு அது கேலி. எனக்கு அது வெந்த புண்.

எங்களுக்கு நீண்ட நாள் அதிகாரியாக இருந்தவர் சுந்தரம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்றது புரியும். சத்தம் போடத் தெரியாத மனிதர். வண்டியிலிருந்து இறங்கியதும் தொப்பியைக் கழற்றி டிரைவரிடம் கொடுப்பார். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார், முதலில் கூட்டத்தைப் பார்ப்பார். அழுகிறவர்களை விட்டுவிட்டு அழாமல் நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "உள்ள எத்தன பேரு?" என்று கேட்பார். இன்னொருவரைக் கூப்பிட்டு அதையே கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த வேலை.

அதன் பிறகு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம். சுடர் நிமிர்ந்து எரிந்தால் காற்று பரவாயில்லை. சுருங்கினாலோ அணைந்தாலோ உள்ளே கெட்ட காற்று. அப்படியானால் முகமூடியும் முதுகில் காற்று உருளையும் இல்லாமல் யாரையும் இறங்க விட மாட்டார். வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கச் சொல்லுவார். கிணற்று விளிம்புக் கல்லில் ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல்தான் கயிறு ஓட வேண்டும். இறங்குகிறவனின் மார்பில் முடிச்சு விழுந்ததும், கயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தன் கையை நுழைத்துப் பார்ப்பார்.

எல்லாம் சரியான பிறகு ஒரு கேள்வி கேட்பார். கயிறு பிடிக்கிற என்னிடம் அல்ல, இறங்கப் போகிறவனிடம்.

"கயிறு யாரு கையில?"

இறங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கால் விளிம்பைத் தாண்டலாம். எனக்குப் பின்னால் இன்னும் சிலர் அதே கயிற்றைப் பிடித்திருப்பார்கள், ஆனால் முதல் கை யாருடையதோ அவர் பெயர்தான் கணக்கு. அது எங்கள் நிலையத்தில் மட்டும் இருந்த வழக்கம், சுந்தரம் சார் உண்டாக்கியது.

"காளிமுத்து கையில சார்" என்பான் தேவசகாயம். ஒவ்வொரு தடவையும் அதேதான். எனக்கு அது பிடிக்காது. மாட்டை எந்த முளையில் கட்டியிருக்கிறது என்று கேட்டால், இந்த முளையில் என்று சொல்வது போலத்தான் என் காதில் விழும்.

இப்போது பரளச்சிக் கிணற்றுக்கு வருகிறேன். இன்றைக்கும் இளைய வீரர்கள் என்னிடம் கேட்பது அந்தக் கதையைத்தான். தேவசகாயத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கதை.

கிணற்றை ஆழப்படுத்துவதற்காகத் தண்ணீரை இறைக்க, உள்ளேயே ஒரு மேடையில் ஆயில் எஞ்சினை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை மேலே வராமல் அங்கேயே தங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்தப் போன நரிக்குடிப் பக்கத்துத் தொழிலாளி மேடையிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் தானாக நின்றிருந்தது. விளக்கை இறக்கினோம், பாதி தூரம்கூடப் போகவில்லை, அணைந்தது.

என் சொந்த ஊருக்குப் பக்கம் என்பதால் கூட்டத்தில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். என் மைத்துனன் முன்னால் வந்து நின்றுகொண்டான். "மச்சான், நீங்க எறங்கலயா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். வேப்பங்குழை ஒடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், அந்த முகங்களிலிருந்து தப்பித்தால் போதும் என்று அரிவாளோடு வரப்புப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தேவசகாயம் முகமூடி மாட்டத் தயாராக, மார்பில் கயிற்றோடு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். கயிற்றைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பலசாலிப் பையன் பிடித்திருக்கிறான். என்னைவிடத் தோள் அகலம் அவனுக்கு. சுந்தரம் சார் கேட்டார்.

"கயிறு யாரு கையில?"

"காளிமுத்து கையில வரட்டும் சார். வந்ததும் எறங்குறேன்."

உள்ளே ஒரு உயிர் கிடக்கிறது, இவன் உட்கார்ந்துகொண்டு ஆள் கேட்கிறான். சொந்தக்காரர்கள் முன்னால் என்னை எடுபிடி ஆக்குகிறானே என்று எனக்கு மண்டை கொதித்தது. குழையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கயிற்றை வாங்கினேன். இடது காலை முன்னால் ஊன்றி, கயிற்றை முதுகைச் சுற்றி விட்டு நின்றேன். அது என் நிலை. "காளிமுத்து கையில சார்" என்று சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

எங்களுக்குள் சைகை உண்டு. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இன்னும் விடு, மூன்று என்றால் தூக்கு. மேடைக்குப் போனதும் ஒரு இழுப்பு வந்தது. மயங்கிக் கிடந்தவரை இரண்டாவது கயிற்றில் கட்டினான், மற்றவர்கள் அவரை மேலே இழுத்தார்கள். மூச்சு இருந்தது. கூட்டம் முழுக்க அவர் பக்கம் ஓடியது. என் கயிற்றில் மூன்று இழுப்பு வர வேண்டும். வரவில்லை.

சைகை இல்லாமல் தூக்கக் கூடாது என்பது சுந்தரம் சாரின் சட்டம். உள்ளே எங்கேயாவது மாட்டியிருந்தால் இழுப்பதே ஆளைக் கொன்றுவிடும். நான் காத்திருந்தேன். உள்ளே உயிரோடு இருக்கிறவனின் கயிறு சும்மா இருக்காது, மூச்சு விட்டாலே கையில் லேசாக ஊறும். அத்தனை வருடம் அவன் கயிற்றைப் பிடித்த எனக்கு அது தெரியும். அந்த ஊறல் நின்றுவிட்டது. எடை ஒரே பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது.

"சார், தூக்குறேன்" என்றேன்.

சுந்தரம் சார் கிணற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "தூக்கு" என்றார். தூக்கினோம். முகமூடிக் குழாய் எஞ்சின் கைப்பிடியில் சிக்கிக் கழன்றிருக்கிறது, அவன் நினைவில்லாமல் தொங்கிக்கொண்டு வந்தான். ஈரத் தரையில் கிடத்தி முதலுதவி செய்த பிறகு இருமினான், வாந்தி எடுத்தான், கண் திறந்தான்.

பேப்பர்காரர் ஆற அமர வந்தார். தேவசகாயத்தை மறுபடி கயிற்றைக் கட்டச் சொல்லி விளிம்பில் நிற்க வைத்தார். என்னையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். மறுநாள் படம் வந்தது. அவன் முழு ஆளாக நிற்கிறான். ஓரத்தில் கயிறும் இரண்டு கைகளும். அந்தக் கைகள் என்னுடையவை என்று எனக்கும் பேச்சியம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். பிழைத்த தொழிலாளியின் குடும்பம் தேவசகாயம் வீட்டுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாயைக் கொண்டுவந்து விட்டது. கிறிஸ்துமஸுக்கு அதை அடித்து எனக்கும் கறி கொடுத்தனுப்பினான். தின்றேன். பொறாமை வேறு, கறி வேறு.

அப்படி ஓய்வும் பெற்றோம். எனக்கு முழங்கால் தேய்ந்தது, அவனுக்கு முடி உதிர்ந்தது. எப்போதாவது பேசிக்கொள்வோம். அப்போதுதான் இந்தப் படம் வந்தது.

பேச்சியம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டர் படிக்கட்டில் என் கையைப் பிடித்து ஏற்றியதும் அவள்தான். படம் நன்றாக இருந்தது என்பதுதான் முதல் எரிச்சல். பையன் முதல் தடவை கிணற்றுக்குள் பாயும் முன் அவன் கீழ் உதடு நடுங்குகிறது. அது நிஜம், தேவசகாயத்துக்கே நடுங்கும். பறந்துவிட்டு வந்தால் அவனுக்கு அகோரப் பசி எடுக்கிறது, குண்டான் சோற்றைக் காலி செய்கிறான். சட்டை கிழிந்ததற்கு அம்மாக்காரி விளக்குமாற்றோடு துரத்துகிறாள். ஊரைக் காப்பாற்றினாலும் வீட்டில் திட்டு விழும் என்பது படம் எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் காட்டையும் பச்சை அடித்துக் காட்டாமல் இருக்கிற வறட்சியோடு காட்டியிருக்கிறான்.

குறைகளும் இருந்தன, நான் இருட்டில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டேன். பையன் விளக்கு இறக்கிப் பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை பேர் என்று யாரையும் கேட்பதில்லை. அவனுக்கு மேல் ஒரு அதிகாரி இல்லை. காப்பாற்றப்பட்ட பெண் வாந்தி எடுக்காமல் புன்னகை செய்கிறாள். அந்தப் பதினாறு வயதுப் பையனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். நாங்கள் அரை நாள் போராடியதை அவன் ஒரு பாட்டு முடிவதற்குள் முடித்துவிடுகிறான்.

ஆனால் என்னை உட்கார விடாமல் செய்தது வேறு. பறக்கத் தெரிந்த அந்தப் பையன் கிணற்றில் பாயும் முன் ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறான். மறுமுனையை அவன் கூட்டாளி ஒருவன் மேலே நின்று பிடிக்கிறான். கூட்டாளி குண்டு. கயிற்றை முதுகில் சுற்றிக்கொண்டு முறுக்குத் தின்கிறான். தியேட்டரே சிரிக்கிறது. இடது காலை முன்னால் ஊன்றி, என்னைப் போலவே நிற்கிறான்.

கடைசியில் நன்றி என்று பெயர்கள் ஓடின. "ஏங்க, நம்ம தேவசகாயம் அண்ணன் பேருங்க!" என்று பேச்சியம்மாள் எழுந்து நின்று கையைத் தட்டினாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. படக்காரர்கள் அவனிடம் கதை கேட்டிருக்கிறார்கள். அவன் தன்னை நாயகனாக்கி, என்னைக் கோமாளி ஆக்கிக் கொடுத்துவிட்டான். வயிறு எரிந்தது. அவனுக்குப் போன் செய்யவே இல்லை.

படம் ஓட ஓட, கிணற்றில் குதிக்கிற பையன்கள் அதிகமானார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தது. இப்போது வேலையில் இருக்கிற கார்த்திக் என்ற இளைய வீரன் வீட்டுக்கு வந்தான். "ஐயா, திருச்சுழியத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துல கூட்டம் போடுறோம். படத்துல எது சரி, எது தப்புன்னு பிள்ளைகளுக்கு நீங்க சொல்லணும். தேவசகாயம் ஐயாவும் வாராக" என்றான்.

"மொதல்ல யாரு பேசுறது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் ஐயா."

அது போதும் என்று ஒத்துக்கொண்டேன். தேவசகாயத்துக்குப் பிறகு மைக் பிடித்தால் என் பேச்சை யார் கேட்பார்கள்? ஒரு தடவையாவது அவன் கீழே உட்கார்ந்து என்னைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. தேவசகாயம் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பார்க்காத மாதிரி மைக்கைப் பிடித்தேன். நிறைகளைச் சட்டென்று சொல்லி முடித்தேன். குறைகளுக்கு வந்ததும் குரல் தானாக ஏறியது. விளக்கைப் பற்றி, கெட்ட காற்றைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். வாந்தியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு. படத்துலயே பெரிய குறை அதுதான்" என்றேன். "பறக்கிறவனுக்கு எதுக்குய்யா கயிறு? அதப் புடிக்கிறதுக்கு ஒரு குண்டன் எதுக்கு? சிரிக்க வைக்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்துருக்கான். தேவையில்லாத ஆளு, தேவையில்லாத கயிறு. வெட்டி எறிஞ்சிருந்தா படம் நல்லாருந்திருக்கும்."

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவன் மெதுவாக எழுந்து மேடைக்குப் போனான்.

"பிள்ளைகளா, காளிமுத்து சொன்ன குறையெல்லாம் சரிதான். காத்தப் பாக்காம எறங்கக் கூடாது. ஆனா கயிறு இருக்கே, அது படம் எடுத்த தம்பி தப்பில்ல. அது என் தப்பு" என்று ஆரம்பித்தான்.

மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான்.

"அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து கத கேட்டாரு, எல்லாத்தையும் சொன்னேன். 'படத்துல உங்களுக்காக என்ன வைக்கட்டும்'னு கேட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். 'பையன் பறக்கட்டும், என்ன வேணாலும் செய்யட்டும். கிணத்துல எறங்கும்போது மட்டும் இடுப்புல கயிறு இருக்கணும், மேல ஒருத்தன் நிக்கணும்'னேன். 'பறக்கிறவனுக்கு எதுக்குய்யா கயிறு'ன்னு அவரும் கேட்டாரு. இப்ப காளிமுத்து கேட்ட மாதிரியே."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நான் சொன்னேன், 'தம்பி, நானும் பறந்திருக்கேன். கயிறு காளிமுத்து கையில இருக்குன்னு தெரிஞ்சா, உள்ள எறங்குறது எறங்குற மாதிரியே இருக்காது. பறக்குற மாதிரிதான் இருக்கும். அவன் இல்லன்னா என்னால ஒரு படி எறங்க முடியாது'ன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. 'சரி வைக்கிறேன், ஆனா காமெடியாத்தான் வைக்க முடியும்'னாரு. முறுக்கு அவரு சேத்தது. எனக்கும் அது புடிக்கல."

பிறகு 'கயிறு யாரு கையில?' என்று சுந்தரம் சார் கேட்பதையும், பரளச்சிக் கிணற்றையும் பற்றிச் சொன்னான். மூன்று இழுப்பு இழுக்க முடியாமல் தான் சாய்ந்ததையும், இழுக்காமலே கயிறு மேலே போனதையும் சொன்னான். கை தட்டலே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு தடவையாவது எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்தாள். "ஐயா, நீங்க ஒரு தடவகூடக் கிணத்துல எறங்குனதில்லயா?"

"இல்லம்மா."

"அப்ப உங்ககிட்ட அந்தக் கேள்விய யாரும் கேட்டதே இல்லயா?"

அவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

விருதுநகர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். அருப்புக்கோட்டையில் நான் இறங்க வேண்டும், அவன் பாலவனத்தம் வரை போக வேண்டும். கருவேல மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"ஏலே, இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் மேடையில அப்படிப் பேசிருப்பனா?" என்றேன் கடைசியில்.

"நீ கேட்டியா? படம் வந்து இம்புட்டு நாளாச்சு, ஒரு போனு போட்டியாலே?"

"அந்த இடது காலு?"

"அது நான் சொன்னதுதான். அதச் சொல்லாம எப்படிலே விடுவேன்?"

எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. மைக் பிடித்து எனக்கு வந்த ஒரே கைதட்டலை அவன் எழுந்து நின்று ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். அதைவிடப் பெரியதாக ஒன்றைக் கொடுத்துவிட்டான் என்பது தெரிந்தும் அந்தக் கைதட்டல் போனது போனதாகவே இருந்தது. கொடுக்கிற இடத்திலும் அவன்தான் நிற்கிறான்.

அருப்புக்கோட்டையில் பஸ் நின்றது. அந்த வண்டியின் படி தரையிலிருந்து எட்டாத உயரம், என் முழங்கால் மடங்கவில்லை. முன்பக்கமாக இறங்கப் பார்த்துத் தடுமாறினேன். "பெருசு, பின்னாடி திரும்பி எறங்குங்க. யாராச்சும் கையப் புடிங்கய்யா" என்று கண்டக்டர் கத்தினார். திரும்பிக் கம்பியைப் பிடித்தேன். தேவசகாயம் எழுந்து வந்து மேலே நின்று, என் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். இடது காலை முன்னால் ஊன்றினான். என் காலைக் கீழே விட்டுத் தரையைத் தேடினேன், அகப்படவில்லை.

"எறங்காத, இரு" என்றான் அவன். சிரிக்காமல் கேட்டான்.

"கயிறு யாரு கையில?"

பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது.

"தேவசகாயம் கையில" என்றேன்.

சொன்ன உடனே கால் தானாகக் கீழே போனது. பயமே இல்லை. தரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இறங்கி நின்று நிமிர்வதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள், பஸ் நகர்ந்தது, அவன் வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே போனான்.

அந்தப் பெயரைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒவ்வொரு கிணற்று விளிம்பிலும், இந்தச் சுகத்தை அவன் ஒருவனே அனுபவித்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நின்று அதை நினைத்தபோது மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது.